ரோஜாத் தோட்டத்துக்கு அடியில்

மே 4, 1998, திங்கள்
எங்கள் ஊர் டன்லப் ஃபெர்ரிக்கு நூற்றைம்பது வயது. எனக்கு நாற்பத்தெட்டு. இருவருக்கும் இடுப்பு பெருத்துவிட்டது. ஊருக்கு மட்டும் அதை வளர்ச்சி என்கிறார்கள். கார் தொழிற்சாலை வந்த பிறகு அலபாமாவே எங்களைத் திரும்பிப் பார்க்கிறது. வடக்கிலிருந்து குடிவருகிறவர்கள் கையில் கொடுக்க ஊரின் வரலாறும் பெருமையும் சொல்லும் கையேடு வேண்டுமாம். வாரப் பத்திரிகையில் பதினெட்டு வருடமாக ஊர்வம்பு எழுதும் என்னைப் பிடித்துவிட்டார், வர்த்தக சங்கத்து வெண்டல். “நல்லதா நாலு பக்கம் எழுதுங்க நடீன். வாயை மட்டும் வீட்டுலயே வச்சுட்டு வாங்க.”

மே 9
மூன்று பக்கம் ஆயிற்று. படகுத்துறை, பருத்தி ஆலை, பூங்காவின் ரோஜாத் தோட்டம். படித்தால் எனக்கே இங்கே குடிவரலாம் போலிருக்கிறது.

மே 12
நூலகத்து ஓசெல்லாவிடம் காட்டினேன். என் வயதுதான், அவள் படித்தது கறுப்பர் பள்ளி, நான் வெள்ளையர் பள்ளி. ரோஜாத் தோட்டம் வந்ததும் கண்ணாடியைக் கழற்றினாள்.
“ரோஜாவுக்குக் கீழ என்ன இருக்கு நடீன்?”
“மண்ணு.”
“மண்ணுக்குக் கீழ?”
நீச்சல் குளம். 1963இல் கறுப்பர்களையும் உள்ளே விட வேண்டும் என்றது நீதிமன்றம். அதைவிட யாருமே நீந்த வேண்டாம் என்று மண் கொட்டி மூடிவிட்டார்கள். எனக்கு அப்போது பதின்மூன்று. லாரிகள் வந்ததை ஐஸ்கிரீம் நக்கியபடி வேடிக்கை பார்த்தேன். சர்க்கஸ் வந்த மாதிரி இருந்தது. சீ.
“ஒரு வரி போதும்,” என்றாள்.

மே 15
எழுதிவிட்டேன். “கறுப்பர்களோடு பகிர்ந்துகொள்ள மனமில்லாமல் நகர மன்றம் பொதுக் குளத்தை மூடியது.” பதக்கம் எதிர்பார்த்து ஓசெல்லாவிடம் நீட்டினேன்.
“மன்றம்னா யாரு? கட்டடமா கையைத் தூக்குச்சு?”
ஐந்து பேர் தூக்கினார்கள். ஒருவர் என் அப்பா, ஹாலிஸ் ப்ரூவிட். அடுத்த வீட்டு விஷயமென்றால் பேர் போட்டு எழுதுகிறவள் நான். இப்போது மட்டும் பேனாவுக்கு என்ன வந்தது?

மே 17, ஞாயிறு
அம்மாவிடம் சொன்னேன். பொரித்த கோழி தட்டிலேயே ஆறிப்போனது.
“செத்தவர் வந்து பதில் சொல்லமாட்டார்ங்கற தைரியமாடி? எழுது. எழுதிட்டு இந்த வீட்டு மேஜையில வந்து உக்காராதே!”
எனக்கு அந்தக் குளத்தில்தான் அப்பா நீச்சல் பழக்கினார். வயிற்றுக்கடியில் தாங்கிப் பிடித்த கை. மன்றத்தில் உயர்ந்ததும் அதே கைதான்.

மே 20
எழுதினேன். அடித்தேன். எழுதினேன். துடைத்த அடுப்பையே மூன்று முறை துடைத்தேன். என்னதான் பண்றேன் நான்?

மே 22
கொடுத்துவிட்டேன். ஐந்து பெயர்கள், அப்பா பெயர் முதலில். வெண்டலுக்கு வியர்த்தது.
“குடிவர்றவங்க மிரண்டுடுவாங்களே நடீன்!”
“அப்ப வேண்டாம். என் பத்திரிகைப் பத்தியிலேயே போட்டுக்கறேன். அங்க இடம் ஜாஸ்தி, இன்னும் நீளமா எழுதலாம்.”
கையேட்டிலேயே இருக்கட்டும் என்றுவிட்டார்.

மே 29
கையேடு அச்சாகி வந்துவிட்டது. ஓசெல்லா நின்றுகொண்டே அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தாள். பிறகு நூலக வாசல் மேஜையில் முப்பது பிரதிகளை அடுக்கினாள். நான் கிளம்பும்போது எனக்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

ஜூன் 7, ஞாயிறு
ஒன்பது நாளாக அம்மா போனை எடுக்கவில்லை. இன்று தேவாலயத்தில், அவள் பக்கத்தில் என் இடத்தில் கைப்பை உட்கார்ந்திருந்தது. என்னைப் பார்த்த பிறகும் அதை நகர்த்தவில்லை. அவளுக்கு நேர் பின்னால், அடுத்த வரிசையில் உட்கார்ந்தேன். ஊரே என் முதுகைப் பார்த்தது; இத்தனை வருடம் அவர்கள் முதுகைப் பார்த்தே பிழைத்தவள், புகார் சொல்ல முடியுமா?
பிரசங்கத்தின் நடுவில் எனக்கு இருமல். அடக்கினேன், அடங்கவில்லை. அம்மா திரும்பவில்லை. தோளுக்கு மேலாக ஒரு கை மட்டும் பின்னால் வந்தது — விரல் நுனியில் காகிதம் உரித்த பெப்பர்மிண்ட்.
வாங்கிக்கொண்டேன். கைப்பை இருந்த இடத்திலேயே இருந்தது.