மூன்றுக்கும் ஒரே சப்பாத்து

புது ரப்பர் வாடை மூக்கில் ஏறியதுமே எனக்கு உன் மேல் கோபம் வந்துவிட்டது. பெட்டாலிங் ஜெயாவில் நாம் வழக்கமாகப் போகும் பேரங்காடிதான். அதே மாடி, அதே சப்பாத்துக் கடை. விற்கிற ஆள் மட்டும் புதுசு. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஆன்டி, நடக்கவா, ஓடவா, இல்ல சைக்கிளுக்கா?" என்று கேட்டான்.

அவன் கேட்டதில் தப்பில்லை. ஆனால் "மூணுக்கும்" என்று என் வாயில் வந்தது பார், அது உன் குரல். "மூணுக்கும் ஒண்ணா? அப்படி இல்ல லா ஆன்டி, ஒவ்வொண்ணுக்கும் வேற வேற" என்று மூன்று பெட்டிகளை இறக்கி அடுக்கினான். நீ இருந்திருந்தால் கடையே இரண்டுபட்டிருக்கும். நான் போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். எனக்குச் சண்டை போடத் தெம்பில்லை. டாக்டர் விரட்டி வந்திருந்தேன். இரத்தத்தில் இனிப்பு நீர் ஏறி என் பாதம் இரண்டும் மரத்துக்கொண்டு வருகிறது. ஒழுங்கான சப்பாத்துப் போட்டு நடக்காவிட்டால் கால் தங்காது என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்.

உனக்கு இந்தச் சப்பாத்துப் பைத்தியம் எங்கிருந்து பிடித்தது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. ஆபீசில் பக்கத்துப் பக்கத்து மேசையில் காலம் தள்ளியவர்கள் நாம். நீயும் என்னைப் போலவே ஹீல்ஸ் போட்டுக்கொண்டு வந்து, சாயங்காலமானால் காலைப் பிடித்துக்கொண்டு "ஐயோ அம்மா" என்றவள்தான். வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகு என்ன ஆனதோ! உன் பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் இருந்த சப்பாத்தையெல்லாம் வாரி யார் யாருக்கோ கொடுத்துவிட்டு, ஒரு நாள் காலையில் சுங்கை வேயில் என் வீட்டு கேட்டுக்கு முன்னால் வந்து நின்றாய். காலில் என்னமோ ஒன்று. குதிகாலுக்கு உயரம் கிடையாது, உள்ளே மெத்தை கிடையாது, அடி அட்டை மாதிரி மெல்லிசு, முன்பக்கம் மட்டும் வாத்துக்கால் போல அகலம்.

"கால் தரையைப் பார்க்கணும்டீ" என்றாய். "இத்தன வருஷமா பெட்டிக்குள்ள போட்டுப் பூட்டி வெச்சிருந்தோம்."

"தைப்பூசத்துக்குப் பத்துமலையில காசில்லாமத்தானே வெறுங்கால்ல நடக்கிறோம். அதுக்குப் போய் காசு கொடுத்தியா?"

"அது ஒரு நாள். இது தினம். வா, உனக்கும் ஒண்ணு வாங்குவோம்."

அப்படி இழுத்துக்கொண்டு வந்தது இதே கடைக்குத்தான். மானம் போன நாள் அது. கடை நடுவில் பழைய பேப்பரை விரித்து, என்னை வெறுங்காலோடு அதன் மேல் நிற்க வைத்து, கைப்பையிலிருந்து கண் மை பென்சிலை எடுத்து என் பாதத்தைச் சுற்றிக் கோடு போட்டாயே! அப்புறம் நான் ஆசைப்பட்டு எடுத்த நீலச் சப்பாத்தை அந்தக் கோட்டின் மேல் வைத்தாய். "பாரு, உன் சுண்டுவிரல் வெளிய நிக்குது. அத மட்டும் வீட்டுல விட்டுட்டு வருவியா?" என்றாய். அதோடு விட்டாயா? ஒவ்வொரு சப்பாத்தையும் ஈரத்துணி பிழிகிற மாதிரி முறுக்கினாய், ரொட்டிச்சானாய் மாவு மாதிரி சுருட்டினாய். சுருளாததையெல்லாம் ஓரமாகத் தள்ளினாய். அப்போதிருந்த விற்பனைக்காரர் ஓடி வந்து, "அக்கா, அக்கா, அது ஷோவுக்கு வெச்சது லா!" என்று பதறினார். நான் காலுறை அடுக்கியிருந்த பக்கம் போய் யாரோ மாதிரி நின்றுகொண்டேன்.

மூன்றுக்கும் ஒன்றே போதும் என்பதற்கு நீ சொன்ன காரணத்தைக் குறை சொல்ல முடியாது, அதுதான் எரிச்சல். ஏரிப் பூங்காவுக்குச் சைக்கிளில் போகிறோம். அங்கே ஒரு சுற்று நடக்கிறோம், மூச்சிருந்தால் கொஞ்சம் ஓடுகிறோம், பிறகு சைக்கிளிலேயே பசியாறப் போகிறோம். இடையில் யார் சப்பாத்து மாற்றிக்கொண்டிருப்பது? பேச்சு நன்றாகத்தான் இருந்தது. மிதித்துப் பார்த்தால்தானே தெரிகிறது! என் சைக்கிளின் சின்னப் பெடல் அந்த மெல்லிய அடியைத் தாண்டி உள்ளங்காலில் கம்பி மாதிரி அழுத்தியது. பாதி வழியில் இறங்கி உன்னை வாய்க்கு வந்தபடி ஏசினேன். நீ அசரவே இல்லை. "சப்பாத்து மேல குத்தமில்ல, பெடல் மேல" என்று அடுத்த வாரமே கால் முழுக்க உட்காரும் அகலப் பெடலைக் கொண்டுவந்து நீயே மாட்டினாய். அதற்கப்புறம் வலிக்கவில்லை. வலிக்கவில்லை என்று உன்னிடம் சொல்லத்தான் எனக்கு மனசு வரவில்லை.

"ஓடாதே, முதல்ல நட, கெண்டைக்கால் பழகட்டும்" என்றும் சொன்னாய். நான் கேட்டேனா? எனக்கு முன்னால் நீ குடுகுடுவென்று ஓடுகிறாய், நான் மட்டும் கிழவி மாதிரி நடப்பதா என்று ஓடிவிட்டேன். மறுநாள் கெண்டைக்கால் கல்லாகி, மாடிப்படியில் பக்கவாட்டில் நண்டு மாதிரி இறங்கினேன். போனில் சொன்னதற்கு நீ விழுந்து விழுந்து சிரித்தாய்.

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்தவளுக்கு வயிற்றில் வலி என்றார்கள். கட்டி என்றார்கள். வைத்தியம் பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கடைசியாக உன்னை ஆஸ்பத்திரியில் பார்த்த அன்றைக்குக் கொட்டுகிற மழை. தடித்த சிலிப்பர் ஒன்றை மாட்டிக்கொண்டு வந்தேன். கண்ணைத் திறக்கவே சிரமப்பட்டவள், என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தாய். "என்னடீ இது, ரெண்டு ரொட்டியக் கால்ல கட்டிக்கிட்டு வந்திருக்க?" என்றாய். தாதி சிரித்துவிட்டார். "வாயை மூடிக்கிட்டுப் படு" என்றேன். வாழ்நாளில் ஒரு தடவைகூட என் பேச்சைக் கேட்காதவள், அன்றைக்குப் பார்த்துக் கேட்டாய். இதை நான் யாரிடம் போய்ச் சொல்லி அழுவது?

நீ போன பிறகு நான் வாசல் தாண்டவில்லை. சைக்கிள் டயரில் காற்று இறங்கிப்போனது. வீட்டில் உட்கார்ந்து தின்றேன், தூங்கினேன். உன்னால்தான் எனக்கு இனிப்பு நீர் ஏறியது என்று கூசாமல் சொல்வேன். கிளினிக்கில் டாக்டரம்மா என்னைக் கண்ணை மூடச் சொன்னார். நைலான் இழை ஒன்றால் பாதத்தைத் தொடுவேன், தெரிந்தால் சொல்லுங்கள் என்றார். நான் காத்திருந்து காத்திருந்து, "எப்ப ஆரம்பிப்பீங்க டாக்டர்?" என்று கேட்டேன். அவர் தொட்டு முடித்திருந்தார்.

மெல்லிய அடி வேண்டவே வேண்டாம், ஆணி ஏறினால்கூட உங்களுக்குத் தெரியாது என்றார். வெறுங்கால் கூடாதாம். வீட்டுக்குள்ளும் செருப்பாம்! சாமி அறை இருக்கிற வீட்டில் நான் செருப்புப் போட்டுக்கொண்டு அலைகிறேன், கேட்டாயா? முன்பக்கம் மட்டும் அகலமாக இருக்கட்டும், விரல் நசுங்கக் கூடாது என்றும் சொன்னார். அப்போதும் பாதி உன் பக்கம்! அங்கேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. கால் வலிக்கிறதா என்று கேட்டார் அந்த அம்மா. வலித்தால் நான் ஏன் அழப்போகிறேன்?

அதனால்தான் கடையில் உன் பக்கம் பேச எனக்கு வழியில்லாமல் போனது. "தடிச்ச அடியா எடுங்க தம்பி, முன்னால அகலமா" என்றேன். கொண்டுவந்ததைக் கையில் வாங்கி முறுக்கிப் பார்த்தேன். அசையவே இல்லை. உனக்குப் பிடிக்காத சப்பாத்து. வாங்கிவிட்டேன். திட்டுவாய், திட்டிக்கொள்.

போன சனிக்கிழமை டயருக்குக் காற்றடித்து, அந்தச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு ஏரிக்குப் போனேன். தண்ணீரை ஒட்டிப் போகிற சரளைக்கல் பாதையில் முன்பெல்லாம் நான் ஒவ்வொரு அடிக்கும் கத்துவேன், நீ திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாய். இப்போது எதுவுமே தெரியவில்லை, சிமெண்டுத் தரை போல நடந்துவிட்டேன். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. டாக்டரம்மா சொன்னபடி பெஞ்சில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றிக் காலைப் பார்த்தேன். உள்ளே ஒரு கல். எப்போது விழுந்தது, எவ்வளவு நேரமாக அதை மிதித்துக்கொண்டு வந்தேன், ஒன்றும் தெரியாது. காலுறையில் இரத்தம், சின்னப் பொட்டு அளவுக்கு. பயந்துவிட்டேன்டீ. நீ இருந்திருந்தால் உன்னைத்தான் கூப்பிட்டிருப்பேன். நீ ஓடிவந்து காலைத் தூக்கி உன் மடியில் வைத்துக்கொண்டு, ஊரே திரும்பிப் பார்க்க என்னைத் திட்டியிருப்பாய்.

யாரும் வரவில்லை. கல்லைத் தட்டிக் கொட்டினேன். புண்ணைக் கழுவித் துடைத்து, கைப்பையில் இருந்த பிளாஸ்டரை ஒட்டினேன். வந்த வழியே திரும்பிவிடலாம் என்றுதான் எழுந்தேன். எழுந்ததும் அந்த ஆத்திரம் மறுபடி வந்தது. இந்த வயதில் என் காலை நானே கவிழ்த்துப் பார்த்துக்கொண்டு கிடக்கும்படி விட்டுவிட்டுப் போயிருக்கிறாயே, உனக்கு நெஞ்சில் ஈரம் இருக்கிறதா என்று ஆரம்பித்தேன். வாய்விட்டுத்தான் பேசினேன். எதிரே வந்த சீனத்து அங்கிள் ஒதுங்கி வழிவிட்டார், போனில் யாரையோ ஏசுகிறேன் என்று நினைத்திருப்பார். ஒரு சுற்று முடிந்து சைக்கிளுக்குப் பக்கத்தில் வந்து நின்றபோதும் உன்னைத் திட்டித் தீரவில்லை. நாளைக்கும் போகணும்.