தேங்காய் உடையாத தொப்பி

என் பிரியமான அத்தைக்கு,

நீங்கள் போய் இரண்டு ஐப்பசி கழிந்துவிட்டது. இத்தனை நாள் உங்களுக்கு எழுத வேண்டும் என்று தோன்றவில்லை. மனசுக்குள்ளேயே பேசிக்கொண்டிருந்தேன், போதுமாக இருந்தது. இப்போது ஒரு சேதி வந்திருக்கிறது. அதை எழுதித்தான் சொல்ல வேண்டும்.

நம் வீட்டுக்கு மோட்டார் சைக்கிள் வந்திருக்கிறது. வாங்கித் தந்தவர் உங்கள் மகன். ஓட்டுகிறவள் நான்.

சிரிக்கிறீர்களா அத்தை? சிரியுங்கள். ஊரே சிரித்து முடித்துவிட்டது, நீங்கள்தான் பாக்கி.

நாமக்கல்லைச் சுற்றியுள்ள ஊர்களுக்கெல்லாம் நான் சர்க்கார் மருத்துவச்சியாகச் சைக்கிளில் போய்வந்தது உங்களுக்குத் தெரியும். "பண்ணையக்காரன் ஊட்டு மருமக சைக்கிள் முதிக்கறாளாமா" என்று பங்காளிகள் பேசியபோது, "பொழப்புக்குப் போற கால எவனும் கட்டப்படாது" என்று கிணற்றடியில் நின்று நாலு பேர் கேட்கச் சொன்னவர் நீங்கள். அதற்குப் பிறகு யாரும் வாய் திறக்கவில்லை.

போன சித்திரையில் எருமப்பட்டிக்கு அப்பால் ஒரு தோட்டத்து வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். கத்திரி வெயில். எதிர்காற்று. மிதித்து மிதித்துப் போய்ச் சேர்ந்தபோது நேரம் கடந்திருந்தது. தாயைக் காப்பாற்றினேன். பிள்ளையைக் காப்பாற்ற முடியவில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து சோற்றைத் தொடவில்லை. உங்கள் மகன் பக்கத்தில் உட்கார்ந்து, "என்ன அம்மிணி?" என்றார்.

"இன்னும் வெரசாப் போகோணுமுங்க" என்றேன்.

"ஏறிப் போறதுக்குக் குருதை ஒண்ணு வாங்கலாமா?"

"மோட்டார் சைக்கிளுங்க."

அவர் எழுந்து கன்றுக்குட்டிக்குத் தண்ணீர் காட்டப் போனார். வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்து ஒரே ஒரு வார்த்தை கேட்டார். "உளுந்தா?"

விழுந்துவிட்டால் என்ன ஆகும் என்ற அந்த ஒரு வார்த்தையைத்தான் அடுத்த இரண்டு மாதமும் கேட்டுக்கொண்டிருந்தார். சாப்பிடும்போது, ஏர் பூட்டும்போது, சந்தைக்குப் போகும்போது. "செரி, வாங்கலாம். உளுந்தா?" உங்கள் மகனின் பயம் உங்களுக்குத் தெரியாததா? கிணற்றில் நான் எட்டிப் பார்த்தாலே முந்தானையைப் பிடித்துக்கொள்கிறவர். ஆனால் வேண்டாம் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை அத்தை. அதுதான் அவர்.

கடைசியில் பஸ் டிரைவர் குழந்தைவேலுவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு மூன்று பேருமாகச் சேலத்துக்குப் போனோம். பழைய வண்டி ஒன்று விலைக்கு இருப்பதாகக் கேள்வி. போய்ப் பார்த்தால் புதுப் பெண்ணைப் போல மினுமினு என்று நிற்கிறது. சிவப்புச் சாயம், வெள்ளிக் கைப்பிடி. விற்கிறவர் ஒரு உதை விட்டார், உடனே பாடத் தொடங்கிவிட்டது. எனக்கு அப்போதே ஏறி உட்கார வேண்டும் போலிருந்தது. குழந்தைவேலு மட்டும் மயங்கவில்லை. வண்டியை நிறுத்தச் சொன்னார். பிறகு தரையில் மண்டியிட்டு முன் சக்கரத்தைத் தாங்கும் கவட்டையை ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். வெளியே வந்ததும்தான் விஷயத்தைச் சொன்னார்.

"நாம உள்ள போனப்பவே எஞ்சினத் தொட்டுப் பாத்தனுங்க. சூடா இருந்துச்சு. நாம வாரதுக்கு முந்தியே ஓட்டிச் சூடாக்கி வெச்சிருக்காங்க. ஆறிக் கெடக்கறப்பப் பொறப்படுமாங்கறது சாமிக்குத்தான் வெளிச்சம். கவட்டையும் கோணல். எங்கியோ மோதி எந்திரிச்ச வண்டிங்க அது."

உங்கள் மகனின் முகத்தில் எத்தனை சந்தோஷம் தெரியுமா? "அப்பப் போலாமா ஊட்டுக்கு?" என்றார். நான் நடுரோட்டில் நின்றுவிட்டேன். குழந்தைவேலுதான் என் முகத்தைப் பார்த்து, "மேட்டூர்ல ஒண்ணு இருக்குதுங்க. அணை வேலை முடிஞ்சு போச்சில்லீங்களா, ஒரு ஓவர்சீயர் ஊரக் காலி பண்றாரு" என்றார்.

மறுநாள் காலையிலேயே மேச்சேரி வழியாகப் போகும் பஸ்ஸைப் பிடித்தோம். ஓவர்சீயர் வயதான சட்டைக்காரர், பாதி வெள்ளைக்காரர். பாதிச் சாமான்களை மூட்டை கட்டி வாசலில் வைத்திருந்தார். வண்டி கறுப்பு. அழகெல்லாம் இல்லை, வேலைக்காரியின் கையைப் போல அங்கங்கே தழும்பு. எஞ்சின் ஜில்லென்று இருந்தது. யாருக்கு என்று கேட்டார். எனக்கு என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, வண்டியின் குற்றம் குறைகளை அவரே சொல்ல ஆரம்பித்தார்.

"லெஃப்ட் சைடுல ஒரு தபா உழுந்துக்கீது. பிரேக் கம்பி அறுந்து, புச்சா மாத்திக்கீது. எண்ணெ கொஞ்சம் ஒழுகும், நிறுத்துற எடத்துல தகரம் ஒண்ணு வை. செயின்ல ஒரு கண்ணி தேஞ்சுக்கீது, மாத்திக்கோ."

மூன்றாவது உதையில் கிளம்பியது. குழந்தைவேலு அணைக்கரை வரை ஓட்டிப்போய் வந்தார். வந்து என் காதோடு, "கொறையச் சொல்லி விக்கறவர்கிட்டக் கண்ண மூடிட்டு வாங்கலாமுங்க" என்றார். நான் வண்டிமேல் கை வைத்தேன். அப்போது ஓவர்சீயர் தம் கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக் காட்டினார். முட்டியில் உள்ளங்கை அகலத்துக்குத் தழும்பு. "வண்டி நல்ல வண்டி. ரோடுதான் பொல்லாதது. இந்தப் பொடவையோட ஏறுனே, உன்ன நானே ஓட்ட வுடமாட்டேன்" என்றார். தம்முடைய தூசிக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் கொடுத்தார். உங்கள் மகன் அந்தத் தழும்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து அவருடைய கேள்வி மாறிவிட்டது அத்தை. "உளுந்தா?" என்று கேட்டவர், "எங்க அடிபடும்?" என்று கேட்க ஆரம்பித்தார். வண்டி எனக்கு, அதற்காக உழைத்தவர் அவர். முட்டிக்கு என்ன, முழங்கைக்கு என்ன, உள்ளங்கைக்கு என்ன என்று அவர் யோசித்த யோசனைக்கு ஒரு கிணறே வெட்டியிருக்கலாம். முரட்டுக் காக்கித் துணியில் கால்சட்டை தைத்தாயிற்று. முட்டி இருக்கும் இடத்தில் உள்ளே தோல் வைத்துத் தைத்தது. இடுப்புவரை ஒரு கோட்டு. கணுக்காலை மூடும் பூட்ஸ். புடவை பெட்டியில் மடிப்பாக இருக்கும், பிரசவ வீட்டில் கைகால் கழுவிவிட்டுக் கட்டிக்கொள்வேன். என்னைக் கால்சட்டையில் முதலில் பார்த்தபோது அவர் தலையைத் திருப்பிக்கொண்டார். பிறகு மெதுவாகத் திரும்பி, "நல்லாத்தான் இருக்குது" என்றார். காது சிவந்திருந்தது.

தலைக்குத்தான் ஒன்றும் அமையவில்லை. சேலத்தில் குதிரைச் சேணம் தைக்கும் ரசூல் பாய் கடைக்குப் போனோம். உங்கள் மகன் ஒரு சாக்கை இறக்கிவைத்தார். உள்ளே ஏழெட்டுத் தேங்காய்.

"எதுக்குங்க தேங்கா?" என்றார் பாய்.

"தலைக்குங்க" என்றார் இவர்.

துரைமார் வெயிலுக்குப் போடும் நெட்டித் தொப்பிக்குள் ஒரு தேங்காயைக் கட்டி, இவரே பாய் கடை ஏணியில் ஏறி நின்று கீழே கல்மேல் போட்டார். உடைந்தது. ஆகாய விமானக்காரர்கள் போடுவது போன்ற மெல்லிய தோல் குல்லாயில் ஒன்றைக் கட்டிப் போட்டார். அதுவும் உடைந்தது. தெருவில் கூட்டம் சேர்ந்துவிட்டது. பாய்க்கு ரோசம் வந்துவிட்டது. "ரெண்டு நாள் குடுங்க" என்றார். இரட்டைச் சேணத்தோல், நடுவே நெட்டி, உள்ளே நம் காட்டுப் பருத்தியைத் திணித்து மெத்தை, தாடைக்குக் கீழே வார். மூன்றாம் நாள் ஏணி மேலிருந்து விழுந்தபோது 'தொம்' என்றது, அவ்வளவுதான். இவர் ஓடிப்போய்ப் பிரித்துப் பார்த்தார். கீறல்கூட இல்லை. தேங்காயைத் தூக்கிக் கூட்டத்துக்குக் காட்டினார் அத்தை, தேரிழுத்த மாதிரி ஒரு சத்தம் எழுந்தது. உடைந்த தேங்காய்களைத் தெருவே தின்றது. உங்கள் மகன் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

வறண்ட ஏரிக்குள் குழந்தைவேலு மூன்று வாரம் எனக்கு ஓட்டப் பழக்கினார். ஊர் கரையில் நின்று வேடிக்கை பார்த்தது. பெரிய மாமா மட்டும் வந்து, "நம்ம குடும்பத்துப் பொம்பள டவுசர் போடறதா?" என்றார். உங்கள் மகன் கும்பிட்டுவிட்டு, "தொடைய மறைக்கறதுக்கு இல்லீங் பெரியப்பா, முட்டி பேராம இருக்கறதுக்குங்" என்று மட்டும் சொன்னார். உங்கள் குரல்தான் அவர் வாயில் வந்ததோ?

ஆடி கழிந்து ஒரு நாள் நடுப்பகலில் வளையப்பட்டிப் பக்கத்திலிருந்து ஒருவர் மூச்சிரைக்க ஓடி வந்தார். தங்கைக்கு முதல் பிரசவம், விடியற்காலையிலிருந்து வலி, பிள்ளை இறங்கவில்லை. கால்சட்டை, கோட்டு, பூட்ஸ், தொப்பி, கண்ணாடி. உங்கள் மகன் தாடை வாரை இழுத்து மாட்டி, இரண்டு தடவை சரிபார்த்து, வழியை விட்டு விலகி நின்றார்.

பாதி வழியில் ஒரு ஓடை. தண்ணீர் இல்லை, மணல்தான். மணலில் பிரேக் பிடிக்கக் கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார் குழந்தைவேலு. பிடித்துவிட்டேன். முன் சக்கரம் திரும்பிக்கொண்டது. நான் பறந்துபோய்க் கரைக் கல்லில் தலைமோத விழுந்தேன். கொஞ்சநேரம் வானம் மட்டும் தெரிந்தது. கையை அசைத்தேன், அசைந்தது. காலை மடக்கினேன், மடங்கியது. தலையைத் தொட்டேன், தோல் கிழிந்திருந்தது. தொப்பியின் தோல், அத்தை. என் தோல் இல்லை.

கல்லின் கூர்முனையைப் பார்த்தபோதுதான் எதிலிருந்து தப்பினேன் என்று புரிந்தது. நின்று யோசிக்க நேரம் இல்லை. வண்டியை நிமிர்த்தி உதைத்தேன். அந்தக் கறுப்பி நாலாவது உதையில் எழுந்தாள்.

நாச்சாயி என்று அந்தப் பெண்ணுக்குப் பெயர். பயத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு, முக்கமாட்டேன் என்று சுவரைப் பார்த்துக் கிடந்தாள். பெரியவர்கள் கெஞ்சிக்கொண்டிருந்தார்கள். அவசரத்தில் தொப்பியையும் கண்ணாடியையும் கழற்றாமல் நான் வாசற்படியில் நின்றுவிட்டேன். முகமெல்லாம் செம்மண். அவள் திரும்பிப் பார்த்தாள்.

"அய்யோ, ஆந்தை!" என்றாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள்.

வலியில் கத்துவாள், நடுவே என்னைப் பார்ப்பாள், மறுபடி சிரிப்பாள். சுற்றி நின்றவர்களும் சிரித்துவிட்டார்கள். இறுகிக் கிடந்த உடம்பு இளகிவிட்டது. நான் கழுவிக்கொண்டு, புடவை சுற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். "இப்ப முக்கு சாமி" என்றேன். முக்கினாள். பிள்ளையின் கழுத்தில் கொடி இரண்டு சுற்று சுற்றியிருந்தது. இன்னும் ஒரு நாழிகை நான் பிந்தியிருந்தால்... வேண்டாம். பிந்தவில்லை. பெண் குழந்தை. அழுத அழுகையில் கூரைப் புறாக்கள் பறந்தன.

விழுந்ததை நான் வீட்டில் சொல்லவில்லை. தொப்பியை ஆணியில் கிழிசல் பக்கம் சுவரைப் பார்க்க மாட்டிவிட்டேன். அவர் கண்ணுக்கு எதுதான் தப்பும்? எடுத்துக் கிழிசலுக்குள் விரலை விட்டுப் பார்த்தார். பிறகு என் பக்கத்தில் வந்து, கன்று வாங்குகிறவர் தடவிப் பார்ப்பது போல, என் தலை முழுவதும் இரண்டு கைகளாலும் தடவினார். எனக்குத்தான் அழுகை வந்துவிட்டது. "குழந்தை பொழைச்சிருச்சுங்க" என்றேன். "அதான் ஊரே சொல்லுதே" என்றார்.

காலையில் சொல்லாமல் கொள்ளாமல் சேலத்துக்குப் பஸ் ஏறிவிட்டார். வண்டியை விற்க ஆள் பார்க்கப் போகிறாரோ என்று நான் பகலெல்லாம் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பொழுது சாயும் முன்பு வந்தார். கையில், பாய் விற்பனைக்கென்று முன்பே தைத்து வைத்திருந்த தொப்பிகள் இரண்டு இருந்தன.

"இன்னொண்ணு யாருக்குங்க?"

"எனக்குத்தான். உனக்குக் காய்ச்சல் கீய்ச்சல்னா வண்டி சும்மா நிக்கோணுமா? நான் ஓட்டறன், நீ பின்னால உக்காந்துக்கோ."

இப்படித்தான் அத்தை, உங்கள் மகன் மோட்டார் சைக்கிள் பழகிக்கொண்டிருக்கிறார். இதை நான் எழுதிக்கொண்டிருக்கும்போதே களத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறார். கோழிகள் எல்லாம் வைக்கோல் போர்மேல் ஏறிவிட்டன. கூப்பிடுகிற எந்த வீட்டுக்கும் இனி நேரத்தோடு போய்ச் சேருவேன் என்று உங்களுக்கு வாக்குக் கொடுக்கிறேன். உங்கள் மகனையும் கை கால் முழுசாக வைத்துக் காப்பாற்றுவேன், பயப்படாதீர்கள்.

அந்த வாக்கை இப்போதே காப்பாற்ற வேண்டியிருக்கிறது. "அம்மிணி, எப்படி நிறுத்தறது?" என்று கத்துகிறார். மூன்றாவது சுற்று. நான் ஓடுகிறேன்.

என்றும் உங்கள் மருமகள்,
பழனியம்மாள்