நைனா கெடுத்த ஒரே படம்

சித்தூர்
20-6-1960

சிரஞ்சீவி சம்பத்துக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் நைனாவும் நலம், அங்கே நீ வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்கிறாய் என்று தெரிந்தால் இன்னும் கொஞ்சம் நலமாக இருப்போம். நைனாவின் கண்களும் நலம். அதைத்தான் முதலில் எழுத வேண்டியிருக்கிறது. நைனாவுக்குக் கண் மங்கிவிட்டது, கை நடுங்குகிறது என்று பலமனேரிலிருந்து அங்கே பிலாய்க்கு வேலைக்கு வந்த பையன் சொன்னான், ஸ்டூடியோவைப் பூட்டிவிட்டு இரண்டு பேரும் என்னிடம் வந்துவிடுங்கள் என்று எழுதியிருந்தாயே, அந்தக் கடிதத்தை நைனாவேதான் எனக்குப் படித்துக் காட்டினார், மூக்குக்கண்ணாடி போடாமல். படித்து முடித்ததும் திருப்பதியில் முகூர்த்தம், பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று கிளம்பிப் போனார். அன்றைக்கு முகூர்த்தம் ஏதும் இல்லை. ஆகையால்தான் இதை அவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன். கார்டில் எழுதக்கூடிய சங்கதி இல்லை, கவரில் வைத்திருக்கிறேன், படித்ததும் கிழித்துப் போட்டுவிடு.

மாசி மாதம் நடந்தது இது. ஆந்திரா பிரிந்த நாளிலிருந்து இங்கே எந்த ஊர் எந்தப் பக்கம் என்ற பேச்சு ஓயவில்லை என்பது உனக்குத் தெரியும். டெல்லியில் கோடு போட்டு முடித்துவிட்டார்கள், திருத்தணி அந்தப் பக்கம், சத்தியவேடு இந்தப் பக்கம் என்று ஏப்ரலில் அமலுக்கு வருகிறது என்று பேப்பரில் எல்லாம் போட்டாகிவிட்டது. இருந்தும் இன்னொரு ஊர்வலம் போய் இன்னொரு மனு கொடுத்தால் கோடு ஒரு காதம் நகர்ந்துவிடும் என்று இரண்டு பக்கத்துக் கமிட்டிக்காரர்களும் நம்பினார்கள். ஊர்வலம் என்றால் போட்டோ வேண்டும், போட்டோ என்றால் நைனா வேண்டும். தெலுங்குக் கமிட்டிக்கும் அவர்தான் எடுத்தார், தமிழ்க் கமிட்டிக்கும் அவர்தான் எடுத்தார். கூட்டத்தைப் பெரிதாகக் காட்டு என்று இரண்டு பேரும் கேட்டார்கள், காமிராவைத் தாழ்த்தி வைத்து இரண்டு பேருக்கும் பெரிதாகவே காட்டினார். முன்வரிசையில் கொடி பிடித்தவர்களில் சிலர் இரண்டு படத்திலும் இருந்தார்கள், ஊர்வலத்தில் கொடுக்கிற புளியோதரைக்கு பாஷை ஏது என்று நானும் சும்மா இருந்துவிட்டேன். திருப்பதியில் மலைக்குப் போகும்முன் முடியோடு ஒரு படம், இறங்கி வந்து மொட்டையோடு ஒரு படம் என்று ஒரே ஆளை இரண்டு கோலத்தில் எடுத்துப் பழகிய மனுஷனுக்கு இது ஒன்றும் புதுசாகத் தெரியவில்லை.

தமிழ்க் கமிட்டியின் கடைசி ஊர்வலம் கலெக்டர் கச்சேரிக்குப் போன அன்றைக்குத்தான் வினை வந்தது. நைனா தெருமுனையில் ஒரு வீட்டு மாடிப்படியில் அந்தப் பெரிய காமிராவை நிறுத்தி, படம் விழுகிற கண்ணாடித் தட்டைப் போட்டு, கூட்டம் நேரே வரட்டும் என்று காத்திருந்தார். கூட்டம் வந்தது, வந்த வேகத்தில் யாரோ ஒரு தெலுங்குப் பெயர்ப்பலகைக்குத் தார் பூசினார்கள், போலீஸ் தடியைத் தூக்கியது, கல் பறந்தது, ஒரு கான்ஸ்டபிளுக்கு மண்டை உடைந்தது. பெருமாள் புண்ணியத்தில் அவர் பிழைத்துக்கொண்டார். அவர் பலமனேர்க்காரர், வீட்டில் தமிழ் பேசுகிறவர், தமிழுக்காக எறிந்த கல் தேடிப்பிடித்து அவர் தலையில்தான் விழுந்தது. எல்லாரும் ஓடினார்கள். நைனா ஓடவில்லை, ஓடத் தோன்றவில்லையாம், கை தானாக அமுக்கிவிட்டது என்றார்.

மறுநாள் காலையில் இருட்டறையிலிருந்து என்னைக் கூப்பிட்ட குரலைக் கேட்டு, கையைக் கிய்யைச் சுட்டுக்கொண்டாரோ என்று ஓடினேன். சொட்டச் சொட்டத் தட்டை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றார். நெகடிவில் நம் ஊர்க்காரர்கள் எல்லாருமே வெள்ளைக்காரர்களாகவும் தலை நரைத்தவர்களாகவும் தெரிவார்கள், உனக்குத் தெரியாததா. இருந்தும் எனக்கு என் தம்பியைத் தெரியாதா? தார் வாளியைத் தூக்கிக்கொண்டு ஒரு தோளைச் சாய்த்துக்கொண்டு உன் பாலையா மாமா ஓடுகிறான். கார்வேட்டிநகரத்துப் பக்கம் சர்க்கார் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு ஒழுக்கம் சொல்லிக்கொடுக்கிற வாத்தியார். அவனுக்குப் பின்னால் நகரிப் பக்கத்து நாராயணசாமி, நம் தூரத்து உறவு, நைனாவை மாப்பிள்ளை என்று கூப்பிடுவாரே, அவர் ஓங்கின கையில் கல்லோடு நிற்கிறார். நைனாவோ பெண் பார்த்துவிட்டு வந்த மாப்பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார். அத்தனை தெளிவாகப் படம் விழுந்திருந்தது.

பத்து மணிக்கெல்லாம் டவுன் எஸ்.ஐ. ஆள் அனுப்பிவிட்டார், தட்டும் படமும் சாயங்காலம் வேண்டும் என்று. போலீசும் நமக்கு வாடிக்கைதானே, கைதிகளை நேராகவும் பக்கவாட்டிலும் எடுப்பது, ரயில் ரோட்டில் கிடக்கிற பிணத்தை எடுப்பது எல்லாம் நைனாதான். மாட்டேன் என்று சொல்ல முடியாது. மத்தியானம் நாராயணசாமியும் பாலையாவும் கொல்லைப்புறமாக வந்தார்கள். மேடையில் சிங்கம் மாதிரி பேசிய நாராயணசாமி அடுப்படியில் உட்கார்ந்து அழுதார். "மாப்ள, கல்லு தூக்கினது நெசம், போடல. ஓங்கினப்ப எம் பொண்ணு மனோரமா நெனப்பு வந்துட்ச்சி, கீழ போட்டுட்டு ஓடியாந்துட்டேன். நான் உள்ள பூட்டா வைகாசில அவளுக்குக் கல்யாணம் எப்பிடி நடக்கும்?" என்றார். பாலையா, "மாமா, வேலை பூடும் மாமா" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். நைனா இரண்டு பேரையும் சாப்பிட்டீங்களா என்றுதான் கேட்டார். நான் சோறு போட்டேன். அழுதுகொண்டே துன்னுட்டுப் போனார்கள்.

அவர்கள் போனதும் நைனா என்னிடம் வெந்நீர் போடு என்றார். இந்த நேரத்தில் குளியலா என்றேன், குளிக்க இல்லை என்றார். புரிந்தது. கெட்டுப்போன தட்டுகளை வெந்நீரில் ஊறப்போட்டுச் சுரண்டி, படத்துக்குச் சட்டம் போட அந்தக் கண்ணாடியை எடுத்துக்கொள்வோமே, அதுதான். ஆனால் அதெல்லாம் கெட்டுப்போன தட்டு. அண்டாவுக்குப் பக்கத்தில் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார், நின்றுகொண்டே இருந்தார். "யசோதா, இதுல தூக்கின கை தெரியும், கல்லைக் கீழ வெச்ச கை தெரியாது. கோர்ட்டுல அதான் சாட்சி," என்றார். அப்புறம் தட்டை என் கையில் கொடுத்துவிட்டு வாசலுக்குப் போய்விட்டார். நான்தான் முக்கினேன். பாலாடை மாதிரி மேலே சுருங்கி எழும்பி வந்தது, என் தம்பி, நாராயணசாமி, தடி தூக்கின போலீஸ், ஓடின சனம் எல்லாரும் ஒன்றாகக் கிளம்பித் தண்ணீரோடு கொல்லை வாழைக்குப் போனார்கள். கூடப்பிறந்தவன் பிழைத்தான் என்று எனக்குச் சந்தோஷம்தான் வந்திருக்க வேண்டும், வரவில்லை. வாசலில் நின்ற மனுஷனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் எஸ்.ஐ. தானே வந்தார். கடைத்தெருவில் பாதிப்பேர் நம் வாசலில் நின்றார்கள். தட்டில் வெளிச்சம் புகுந்து பாழாகிவிட்டது என்று நைனா சொன்னார். எஸ்.ஐ. விடவில்லை. "ஏமய்யா முனிரத்னம், ரயிலில் அடிபட்ட பிணத்தின் பச்சை குத்தினதைக்கூட எழுத்துக் கூட்டிப் படிக்கிற மாதிரி எடுத்துக் கொடுத்தவன் நீ, உன் தட்டில் வெளிச்சம் புகுந்ததா?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி தெலுங்கில் கேட்டார். உன் நைனா அதே சத்தத்தில், "வயசாவுதுங்க சார். கண்ணு முன்ன மாதிரி தெரியல, கையும் நடுங்குது. தட்டு மாத்தறப்ப மூட மறந்துட்டேன்," என்றார். பல வருஷத்தில் அவர் ஊருக்குச் சொன்ன ஒரே பொய், அதை ஒருத்தர் விடாமல் நம்பினார்கள். பலமனேர்ப் பையன் பிலாய் வரைக்கும் சுமந்துகொண்டு வந்தது அந்தப் பொய்யைத்தான். சாட்சி இல்லாமல் கேஸ் நிற்கவில்லை. அடிபட்ட கான்ஸ்டபிளை ஆஸ்பத்திரியில் பார்க்க நைனா சாத்துக்குடி வாங்கிக்கொண்டு மூன்று நான்கு தடவை போனார், ஏன் போகிறார் என்று அவருக்கும் எனக்கும்தான் தெரியும். போகிறபோதெல்லாம் அந்த மனுஷன் இவருடைய கண்ணுக்கு வைத்தியம் சொல்லி அனுப்பினார்.

காப்பாற்றப்பட்டவர்களிடமும் நைனா உண்மையைச் சொல்லவில்லை, வாய் தவறினால் எல்லாருக்கும் ஆபத்து என்று வெளிச்சம் புகுந்த கதையையே அவர்களுக்கும் சொன்னார். அதனால் நாராயணசாமி தன்னைக் காப்பாற்றியது ஏழுமலையான் என்று முடிவு கட்டி, மலைக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டார். மொட்டைத்தலையோடு நேரே நம் வீட்டுக்கு வந்து லட்டும் கொடுத்து, மனோரமாவின் கல்யாணப் படத்துக்கு நம்மிடம் சொல்லிவைத்திருந்ததை நிறுத்திவிட்டார். "தப்பா நெனச்சுக்காத மாப்ள. கல்யாணம் ஒருவாட்டிதான் வரும். உன் தட்டுல வெளிச்சம் பூந்தா திருப்பித் தாலி கட்டச் சொல்ல முடியுமா? வேலூர்ல ஒரு ஆளைப் பேசிட்டேன்," என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு லட்டை அவர் தலையிலேயே வைத்து நசுக்கியிருப்பேன். நைனா, சரிதான், நியாயம்தான் என்று லட்டைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டார். அதற்கப்புறம் வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருத்தராக நழுவினார்கள். பாலையாவும் தன் பள்ளிக்கூட ஆண்டுவிழாவுக்கு வேறு ஆளைக் கூட்டிக்கொண்டு போனான், ஹெட்மாஸ்டர் ஒத்துக்கொள்ளவில்லையாம்.

அந்தக் கல்யாணத்துக்குத் திருப்பதி சத்திரத்துக்கு நாங்கள் விருந்தாளியாகப் போனோம். போகவேண்டாம் என்றேன், உறவு விட்டுப்போகும் என்றார். எத்தனையோ கல்யாணத்தில் கடைசிப் பந்தியில் ஆறின சாம்பார் சாப்பிட்ட மனுஷன் அன்றைக்குத்தான் முதல் பந்தியில் உட்கார்ந்தார், முன்வரிசை ஜமக்காளத்தில் உட்கார்ந்து தாலி கட்டுவதைப் பார்த்தார். கெட்டிமேளம் கொட்டினபோது பாதி எழுந்துவிட்டார், நான் வேட்டியைப் பிடித்து உட்காரவைத்தேன். வேலூர்க்காரன் எடுத்த படங்களைப் பின்னால் பார்த்தோம். மோசமாக வந்திருக்கும் என்று ஆசைப்பட்டேன், ஆனால் நன்றாகவே வந்திருந்தன. நைனாவே சொன்னார்.

பத்து நாளைக்கு முன்னால் எஸ்.ஐ.க்கு மாற்றல் ஆர்டர் வந்தது. மறுநாள் காலையில் பெண்சாதி, பிள்ளைகள், அவருடைய அம்மா எல்லாரையும் கூட்டிக்கொண்டு ஸ்டூடியோவுக்கு வந்து நிற்கிறார், குடும்பப் படம் வேண்டுமாம். ஊரில் வேறு ஸ்டூடியோ இல்லாமல் இல்லை. நைனா ஒவ்வொருத்தராக உட்காரவைத்து, அந்த அம்மாளின் முந்தானையைச் சரிசெய்யச் சொல்லி, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டார். நான் திரைக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன். எஸ்.ஐ. உட்கார்ந்த இடத்திலிருந்து ஆடாமல் அசையாமல், தமிழில், மெதுவாக, "அந்தப் படம் எப்படி வந்திருந்துச்சு முனிரத்னம்?" என்று கேட்டார். நைனா தலையை வெளியே எடுத்து அவரை நேராகப் பார்த்து, "அத்தினி பேரு ஓடறான் சார், ஒருத்தன் மூஞ்சிகூட கலையல. கல்லுல இருந்த மண்ணு தெரிஞ்சுது," என்றார். எஸ்.ஐ. தொப்பியை மடியில் சரியாக வைத்துக்கொண்டு, "தெரியும், அதனாலதான் இங்க வந்தேன். எடு," என்றார்.

அந்தப் படத்தை வெளிக் கண்ணாடிப்பெட்டியில் வைக்க நைனா அனுமதி கேட்டார், கொடுத்துவிட்டுப் போனார். போலீஸ்காரன் குடும்பமே நம்பி உட்கார்ந்த இடம் என்று இப்போது இரண்டு காதுகுத்துக்கும் ஒரு நிச்சயதார்த்தத்துக்கும் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். ஆகவே ஸ்டூடியோவைப் பூட்டுங்கள் என்று இனி எழுதாதே. கண்ணைப் பற்றியும் விசாரிக்காதே, நான் சொன்னதாகவும் காட்டிக்கொள்ளாதே. போன மாதம் அங்கே எடுத்து அனுப்பினாயே ஒரு படம், அதில் உன் இடது காது நிழலில் மறைந்துவிட்டது என்று இன்னும் புலம்பிக்கொண்டிருக்கிறார். தீபாவளிக்கு வரும்போது ஒருநாள் கூடுதலாக லீவு போட்டு வந்து அவர் முன்னால் ஆடாமல் உட்கார். வெயிலில் தலையில் துணி இல்லாமல் அலையாதே, ராத்திரியில் தயிர் சேர்த்துக்கொள்ளாதே. நீ தீர்க்காயுசாக, நல்ல பெயரோடு இருக்கவேண்டும். நல்ல பெயர் கொஞ்சம் கெட்டாலும் பரவாயில்லை, நன்றாக இரு. கடிதத்தைக் கிழிக்க மறக்காதே.

உன் நன்மையே நினைக்கும் அம்மா,
மு. யசோதா