நெகட்டிவ் கம்பி சேராத நட்சத்திரம்

நாகல் நகர்,
திண்டுக்கல்.
டிசம்பர் 2

அன்புள்ள தம்பி ஆனந்த்ராஜுக்கு,

மதினி அன்புக்கரசி எழுதிக்கொள்வது. இங்கே நானும் அத்தையும் மகள் சத்யபிரியாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். கத்தாரில் குளிர் தொடங்கியிருக்கும், காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ. இது போனில் சொல்லுகிற சங்கதி இல்லை. எதிர்வீட்டுக் கமர்ஜஹான் அக்கா மகனைப் பார்க்க அங்கே வருகிறது, அது கையில் கொடுத்துவிடுகிறேன். நீ படித்து முடிக்கும்வரை இடத்தைவிட்டு எழுந்திருக்கக் கூடாது என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். உன்னை எனக்குத் தெரியாதா, பாதியில் மடித்து வைத்துவிடுவாய்.

நம் சீரியல் லைட் கடையைத் திறந்துவிட்டேன். உன் அண்ணன் போய்ச் சேர்ந்தபிறகு பதினோரு மாதம் பூட்டிக் கிடந்தது. செம்பட்டிப் பக்கம் ஒரு மாதா கோயிலில், கிறிஸ்துமஸ் நட்சத்திரம் நீங்கள்தான் செய்யவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்கள். சரியென்று தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்தேன். ஆயிரத்து இருநூறு பிக்சல் பல்பு, ஒவ்வொன்றும் தனித்தனியாக நிறம் மாறவேண்டும். கன்ட்ரோலர் எதைப் போடுவது? கம்ப்யூட்டரோடு சேர்த்து ஓட்டுகிற வகையைத்தான் இப்போது எல்லாரும் வாங்குகிறார்கள். மார்கழிப் பனியில் கம்ப்யூட்டரைக் கொண்டுபோய் வைத்து யார் காவல் இருப்பது? மெமரி கார்டைச் சொருகினால் தானாக ஓடுகிற வகையே போதும், நாலு அவுட்புட், ஒவ்வொன்றுக்கும் முந்நூறு பல்பு என்று முடிவு செய்தேன். வாங்கக்கூட வேண்டியிருக்கவில்லை. உன் அண்ணன் அலமாரியில் துண்டில் சுற்றி ஒன்று வைத்திருந்தார். கார்டும் அதிலேயே இருந்தது.

மொட்டைமாடியில் நட்சத்திரத்தைப் படுக்கவைத்து வயர் கொடுத்தேன். பல்புச் சரத்தில் அம்புக்குறி போகிற பக்கமாகத்தான் சிக்னல் போகவேண்டும் என்பதைக்கூட மறந்து தலைகீழாகக் கொடுத்ததில் முதல் நாள் வீணாய்ப் போச்சு. மறுநாள் திருப்பிக் கொடுத்தேன். எரிந்தது. ஆனால் நிலையாக எரியாமல் துடித்தது. நீலம் ஓடவேண்டிய இடத்தில் சிவப்பு வந்து நின்று என்னைப் பார்த்தது. கையைக் கிட்டே கொண்டுபோனால் துடிப்பு மாறியது. கையை இழுத்துக்கொண்டு இரண்டடி பின்னால் போனேன் தம்பி.

காயப்போட்ட துணியை எடுக்க அத்தை மேலே வந்தார்கள். பார்த்தவுடனே, ரொனால்டு வந்திருக்கிறான் என்றார்கள். அன்றிலிருந்து பொழுது சாய்ந்தால் நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மகனோடு பேச்சுத்தான். சத்யபிரியா கணக்கில் முதல் மார்க் வாங்கியது, முருங்கை மரம் சாய்ந்தது, எல்லாம் சொல்வார்கள். கையை நீட்டுவார்கள், அது துடிக்கும், சிரிப்பார்கள். ஒரு வருஷமாக நான் பார்க்காத சிரிப்பு. ஆனால் கீழே இறங்கும்போது தினமும் ஒன்றையே சொல்வார்கள். கரண்டைப் போட்டவனைத்தான் தேடுறான், அவன் வந்து நிக்காம இவன் அடங்கமாட்டான் என்று. உன் பெயரைச் சொல்வதில்லை.

நம் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்ததை இப்போது எழுதிவிடுகிறேன். மேலே ஏறுகிறவர், கீழே யாரும் கரண்டைப் போட்டுவிடாதபடி, மெயினிலிருந்து பீஸ் கட்டையைப் பிடுங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஏறுவதுதான் நம் தொழிலில் வழக்கம். போன டிசம்பரில் கோயில் கோபுரத்தில் நட்சத்திரத்தைக் கட்ட அவரும் அப்படித்தான் ஏறினார். கீழே எனக்குக் கன்ட்ரோலரை ஓட்டிப் பார்க்கவேண்டியிருந்தது. கமிட்டிக்காரர்கள் வந்து நின்று, எரியுமா எரியாதா என்று அரித்துக்கொண்டே இருந்தார்கள். பக்கத்துப் போர்டில் இருந்த கட்டையைப் பிடுங்கி நம் மெயினில் சொருகிவிட்டேன். கீழ் லைனுக்கு மட்டும்தான் கரண்ட் வரும் என்று நினைத்தேன். நினைத்தேனா, ஒன்றுமே நினைக்கவில்லையா, இன்றுவரை தெரியவில்லை. மேல் வயரிலும் கரண்ட் பாய்ந்து அவர் மேலேயே போய்விட்டார். நீ ஓடிவந்து என்னைப் போர்டுப் பக்கத்திலிருந்து இழுத்துத் தள்ளி, ஆட்கள் கூடுவதற்குள், நான்தான் போட்டேன் என்று கத்தினாய். பிள்ளைக்கு அம்மாவாவது வேணும் மதினி என்று என் காதில் சொன்னாய். நான் வாயை மூடிக்கொண்டேன். போலீசில் விபத்து என்று எழுதி முடித்துவிட்டார்கள். அத்தை முடிக்கவில்லை. வீட்டுப் படி ஏறாதே என்று உன்னைச் சொன்னபோதும், நீ கத்தாருக்குக் கிளம்பியபோதும் நான் வாயை மூடிக்கொண்டுதான் நின்றேன்.

நட்சத்திரம் ஏன் துடிக்கிறது என்று மூன்றாம் நாளே எனக்குத் தெரிந்துவிட்டது. கன்ட்ரோலருக்கு ஒரு பவர் சப்ளை, பல்புகளுக்கு வேறொன்று. இரண்டின் நெகட்டிவ் கம்பியையும் சேர்த்துக் கட்ட மறந்திருக்கிறேன். சேர்க்காவிட்டால் சிக்னலுக்குப் பிடிமானம் இல்லாமல் பல்பு தன் இஷ்டத்துக்கு ஆடும். ஒரு சாண் வயர் போதும். கட்ட மனசு வரவில்லை. ஐந்து நாள் விட்டுவைத்தேன். அத்தைக்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், அது பொய். காரணம் தெரிந்தபிறகும் அவர்தான் என்று எனக்கும் தோன்றியது. அத்தை கை நீட்டினால் துடித்தது. நான் நீட்டியபோது ஒரு தடவை மொத்தமும் அணைந்துவிட்டது. அன்றைக்கு மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

நேற்றுச் சாயங்காலம் அத்தை முன்னாலேயே வயரைக் கட்டினேன். துடிப்பு நின்று, அவர் கார்டில் போட்டுவைத்திருந்தபடி நடுவிலிருந்து வெள்ளை மெதுவாக விரிந்தது. போயிட்டானா என்று அத்தை கேட்டார்கள். வயரைக் காட்டி, இதுதான் அத்தை, அவர் இல்லை என்று சொன்னேன். பிறகு சொன்னேன்.

"கட்டையைப் போட்டது நான்தான் அத்தை. ஆனந்த்ராஜ் இல்ல."

திட்டவில்லை, அடிக்கவில்லை. நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டுக் கேட்டார்கள்.

"அப்ப எம்புள்ளைக ரெண்டு பேரையும் நீதான் எடுத்துக்கிட்டியா?"

இன்று காலையிலிருந்து அத்தை என் முகத்தைப் பார்க்கவில்லை, நான் போட்ட சோற்றையும் தொடவில்லை. அது எனக்கு வரவேண்டியதுதான், நீ அதற்காக வருத்தப்படாதே. ஆனால் சத்யபிரியாவைத் தனியாகக் கூப்பிட்டு, கத்தாரில் இப்ப மணி என்ன, சித்தப்பா சாப்பிட்டிருப்பானா என்று கேட்டிருக்கிறார்கள்.

பதினோராம் தேதி உன் அண்ணனுக்கு முதலாண்டுப் பூசை. லீவு கேள், கொடுக்காவிட்டால் காலில் விழுந்து கேள். அத்தைக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியாது, இம்புட்டு நாள் ஏன்டா சொல்லலைன்னு உன்னைத்தான் ஏசுவார்கள், பொறுத்துக்கொள். எனக்காக ஒரு வார்த்தையும் பேசாதே. ஒரு தடவை பேசியதே எனக்கு ஆயுசுக்கும் போதும். என்னை இந்த வீட்டில் இருக்கச் சொல்வதோ போகச் சொல்வதோ அவர்கள் பாடு.

ஆண்டவர் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். வந்து கதவைத் தட்டு தம்பி. நான் திறக்கமாட்டேன். உன் அம்மாதான் திறக்கவேண்டும்.

இப்படிக்கு,
உன் மதினி
அன்புக்கரசி