லோடு எவ்வளவு, மேடம்?

ஆகஸ்ட் 4
விடாத மழை. எங்கள் அனல்மின் நிலையத்துக்குப் பழுப்பு நிலக்கரி ஈரம் குடித்துக் களிமண்ணாக வருகிறது. அரவை இயந்திரத்துக்குப் போகும் குழாயெல்லாம் அடைப்பு. ஆட்கள் சம்மட்டியால் தட்டிக்கொண்டே இருக்கிறார்கள்.

மாநில மின்சாரத்தைப் பங்கிடும் மின்சுமை மையத்திலிருந்து போனில் வழக்கமான குரல். "லோடு எவ்வளவு, மேடம்?"
"நூத்தி எண்பது மெகாவாட்."
"வெயிலே இல்ல, சோலார் படுத்துடுச்சு. உங்களத்தான் நம்பியிருக்கோம்."

வீட்டுக்கு வந்தபின் வாய் திறக்க வேலையில்லை. அம்மா போனதிலிருந்து இப்படித்தான்.

ஆகஸ்ட் 5
தங்கை போனில். "தனியா உக்காந்து என்னக்கா பண்றே? இங்க வந்துடேன்." வேலை இருக்கிறது என்றேன். வேலை மட்டும்தான் இருக்கிறது என்பதைச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 7
எங்கோ ஒரு பெரிய மின்நிலையம் சட்டென்று நின்றுவிட்டது. அதன் சுமை முழுக்க எங்கள் தலையில். மின்சாரத்தின் அலைவெண் முள் சரசரவென்று இறங்குகிறது. அதே நேரம் இங்கே இரண்டு குழாய் அடைப்பு. பாய்லரில் தீ தடுமாறுகிறது.

மேலாளர் பின்னால் வந்து நின்றார். "நிறுத்திடும்மா. நமக்கெதுக்கு வம்பு?"

போனில் மின்சுமை மையத்துக்காரர். எப்போதும் நிதானமாகப் பேசுகிறவர், இன்று குரல் உடைந்து: "மேடம், நீங்களும் போயிட்டா மொத்தமும் இருட்டாயிடும். ஆஸ்பத்திரி, ரயில் எல்லாம். கொஞ்சம் இழுத்துப் பிடிங்க."

எண்ணெய் பர்னர்களைப் பற்றவைத்தேன். தீ நின்றது. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, கீழே தட்டுகிறவர்களைப் பார்த்து ஒலிபெருக்கியில் கத்தினேன் — "தட்டுங்கப்பா, விடாதீங்க!" என் தொண்டையில் இத்தனை சத்தம் இருந்ததா? ஒரு குழாய் திறந்தது. பிறகு இன்னொன்று. முள் மெல்ல ஏறியது. மேலாளர் தன் அறைக்குத் திரும்பிப் போய்விட்டார்.

கடைசியில் அவர் கேட்டார்: "சாப்டீங்களா மேடம்?"
என்ன பைத்தியம், இதற்குப் போய் அழுவதா?

ஆகஸ்ட் 8
தொண்டை கட்டிவிட்டது. கேட்க ஆளில்லை.

ஆகஸ்ட் 16
மின்சுமை மையத்துக்காரர் நாளை இங்கே ஆய்வுக்கு வருகிறாராம். நல்ல புடவையை எடுத்து வைத்தேன். திரும்ப உள்ளே வைத்தேன். திரும்பவும் எடுத்தேன்.

ஆகஸ்ட் 17
நான் நினைத்ததைவிடக் குள்ளம். முன்வழுக்கை. "நீங்கதானா?" என்றார். "நான்தான்" என்றேன். அவ்வளவுதான். பாய்லரைக் காட்டினேன், தலையாட்டினார். கேன்டீனில் டீ ஆறியது. வீட்டில் யாரெல்லாம் என்று ஒப்புக்குக் கேட்டேன். "நானும் டிவியும்" என்று சிரித்தார். நான் சிரித்திருக்கலாம். குனிந்து டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜீப் போய்விட்டது. இத்தனை வருடம் பேசிய மனிதரிடம் பேச ஒரு வார்த்தை கிடைக்கவில்லையே! சுத்த மக்கு நான்.

ஆகஸ்ட் 18
காலையில் மணி அடித்தது.
"லோடு எவ்வளவு, மேடம்?"
"இருநூறு."
"நேத்து என்னென்னவோ பேசணும்னுதான் வந்தேன்."
"நானும்தான்."
"சரி... வேலையப் பாருங்க, வச்சிடறேன்."
அவர் வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.