நீ கூட்டாமல் விட்ட ஸ்டெப்னி

நேற்று ஆபீசில், பிளான்களுக்கு நகல் எடுக்கும் அம்மோனியா பிரிண்ட் மெஷினைக் கழற்றி எடைக்குப் போட்டார்கள். இனி எல்லாம் கம்ப்யூட்டராம். படியில் இறக்கும்போது, கண்ணைக் கரிக்கும் அந்தப் பழைய நெடி கிளம்பியது. உடனே உன் ஞாபகம். செத்து எட்டு மாதம் ஆகியும் என்னை நிம்மதியாக விட மாட்டேன் என்கிறாய்.

போளூர் ரோட்டில் அதே மாடி ஆபீஸ்தான். டிப்ளமோ முடித்த கையோடு நாம் இருவரும் சேர்ந்தோமே. பகலெல்லாம் ஊர்க்காரர்களுக்கு வீட்டு பிளான் வரைவோம். சாயங்காலம் மேஜையைத் துடைத்துவிட்டுக் கார் வரைவோம். கார் பைத்தியம் முதலில் பிடித்தது எனக்கு. உன்னை அதில் இழுத்துவிட்டவனும் நான்தான். வேறு யாரும் சொல்லப் போவதில்லை என்பதால் நானே சொல்லிக்கொள்கிறேன்.

என் கார்கள் கம்பீரமானவை. நீண்ட மூக்கு, அகலமான சக்கரம். நீ எட்டிப் பார்த்துச் சிரிப்பாய். "எதுக்குடா இவ்ளோ இரும்பு? ஆளு போறதுக்கு பெட்ரோல் ஊத்துறியா, இரும்பு போறதுக்கு ஊத்துறியா?"

செங்கம் ரோட்டில் ஒரு லாட்ஜ் மாடியை அளக்கப் போனோம். அங்கே ஒரு வெள்ளைக்காரர் கூடாரத்தைக் காயப் போட்டிருந்தார். மெல்லிய கழிகள், மேலே துணி, அவ்வளவுதான். அதை ஒற்றைக் கையால் தூக்கி நிழலுக்கு மாற்றினார். நானும்தான் பார்த்தேன். எனக்குக் கூடாரம் தெரிந்தது, உனக்குக் கார் தெரிந்தது. மறுநாளே வரைந்துவிட்டாய்: மூங்கில் பிளாச்சில் கூடு, அதன்மேல் பிசின் ஏற்றிய துணி, ஒல்லியாக நாலு சக்கரம், மொபெட் இன்ஜின். இரண்டு பேர் சேர்ந்தால் தூக்கி ஓரமாக வைத்துவிடலாம். எனக்கு வயிறு எரிந்தது. "பரவாயில்லை" என்று மட்டும் சொன்னேன்.

பெட்ரோல் கம்மியாகக் குடிக்கும் எதிர்காலக் காருக்கு டிசைன் கேட்டு, புனேயில் ஒரு கம்பெனி விளம்பரம் செய்தது. தேர்வானால் அங்கேயே வேலை. இருவரும் அனுப்புவது என்று முடிவு செய்தோம். இன்னொருவர் பார்த்துக் கையெழுத்துப் போடாமல் எந்த பிளானும் வெளியே போகக் கூடாது என்பது நம் ஆபீஸ் வழக்கம். கக்கூஸ் பிளானுக்கும் அதே சட்டம்தான். நீ உன் தாளை என்னிடம் நீட்டினாய். "வெயிட்டு கூட்டினது சரியானு பாருடா. உன் கண்ணுல பட்டா தப்பு தப்பாது."

பட்டது. சீட்டுக்கு அடியில் ஸ்டெப்னியை அழகாக வரைந்திருந்தாய். அதன் எடையைக் கூட்டாமல் விட்டிருந்தாய். எடைதான் அந்தப் போட்டியே. வாயைத் திறக்காமல், 'சரிபார்த்தவர்' என்ற கட்டத்தில் கையெழுத்துப் போட்டேன்.

எனக்கு நன்றி சொல்லி ஒரு கார்டு வந்தது. உனக்கு இன்டர்வியூ வந்தது. நீ திரும்பி வந்த பஸ்ஸுக்கு நான்தான் வந்து நின்றேன், உன் முகம் தொங்கியிருக்கிறதா என்று பார்க்க. சிரித்துக்கொண்டே இறங்கினாய்.

"ஸ்டெப்னிய புடிச்சிட்டாங்கடா. செக் பண்ணது யாருன்னு கேட்டாங்க. அவன் பாக்கும்போது ஸ்டெப்னியே கிடையாது, நான்தான் அப்புறமா வரைஞ்சேன்னு சொல்லிட்டேன். உன் பேரு எதுக்குக் கெடணும்? வேலை குடுத்துட்டாங்கடா!"

டீ வாங்கிக் கொடுத்தாய். குடித்தேன். உன் கல்யாணம், உன் புனே வீடு, வருஷா வருஷம் கார்த்திகை தீபத்துக்கு ஊருக்கு வரும்போது நீ சொன்ன புதுப் புதுக் கார்கள் என்று எல்லாவற்றுக்கும் பொறாமைப்பட்டேன். நெஞ்சுவலியில் போய்விட்டாய் என்று உன் மனைவி போன் செய்தபோது அழுதேன். அதுவும் உண்மை.

மெஷின் இருந்த இடத்தைப் பெருக்கியபோது, உன் தாளின் பிரிண்ட் ஒன்று கிடைத்தது. கால்குலேட்டரை எடுத்து ஸ்டெப்னியையும் சேர்த்துக் கூட்டினேன். அப்போதும் என் காரின் எடையில் பாதிகூட வரவில்லை. அன்றே நான் சொல்லியிருந்தாலும் நீதான் ஜெயித்திருப்பாய்.

நான் பார்த்துவிட்டுத்தான்டா கையெழுத்துப் போட்டேன். அது உனக்குத் தெரிந்திருக்குமோ? தெரிந்தும்தான் எனக்காகப் பொய் சொன்னாயோ? நான் உன் இடத்தில் இருந்திருந்தால் அந்தப் பொய்யைச் சொல்லியிருக்க மாட்டேன். உன் காரைவிட, உன் வேலையைவிட, இதற்குத்தான் உன்மேல் இன்னும் பொறாமையாக இருக்கிறது.