இலஞ்சி வீட்டில் இப்போது சீசன்காரர்கள்

என் பிரியமுள்ள பிச்சையா அண்ணாச்சிக்கு,

சிரிக்காமல் கேளுங்கள். பாளையங்கோட்டை ஜெயிலைவிட்டு வந்து இத்தனை வருஷமாகியும், முந்தாநாள் நான் வேலை பார்க்கிற ஓட்டல் சாமான் அறைக்குள் கதவுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன், யாராவது வந்து திறக்கட்டும் என்று. பூட்டே இல்லை, சும்மா சாத்தியிருந்தது. மாவாட்டுகிற செல்லம்மாக்கா திறந்து பார்த்துவிட்டு, "என்னடே, அரிசி மூட்டைக்குத் தாலி கட்டி உள்ளயே குடும்பம் நடத்தப் போறியா?" என்றாள். "மூட்டையாவது என் ஜாதகத்தக் கேக்காதுல்லாக்கா" என்றேன்.

செய்திக்கு வருகிறேன். ஜெயில்விட்டு வந்தவன் ஒரு வேலை கிடைக்கிறவரைக்கும் தங்கிக்கொள்ள நீங்கள் விட்டிருந்த இலஞ்சி வீட்டை, உங்கள் அண்ணன் மகன் குற்றாலத்துக்குக் குளிக்க வருகிறவர்களுக்குச் சீசன் வாடகைக்கு விட்டுவிட்டான். வெள்ளையடித்தான். நாங்கள் படுத்த பாய்களை எரித்தான். வார்டராக இருந்து ரிட்டையரான நீங்கள், "ஆயுசு பூராவும் பூட்டுன கை, கொஞ்ச நாள் தொறந்துவிடட்டும்லே" என்று சொன்னதெல்லாம் அவனுக்குக் கிறுக்குத்தனமாம். ஊரும் அதைத்தான் சொல்கிறது. உங்கள் பாடைக்குத் தோள் கொடுத்தது நாங்கள்தான் என்பது ஊருக்கு அதற்குள்ளா மறந்துபோயிற்று?

போன வாரம் மாரியப்பன் என்று ஒருவன் விடுதலையாகி, உங்கள் வீட்டை விசாரித்து வந்திருக்கிறான். நீங்கள் போய்ச் சேர்ந்தது உள்ளே இருக்கிறவர்களுக்கு எப்படித் தெரியும்? வாசலில் ஜட்கா வண்டியிலிருந்து சீசன்காரர் சாமான்களை இறக்கிக்கொண்டிருந்த உங்கள் அண்ணன் மகன், "இங்கனயே நில்லு, வாரேன்" என்று சொல்லிவிட்டுப் பின்வாசல் வழியாகப் போய்விட்டான்.

இவன் நின்றான். சாரல் அடித்தது, நின்றான். மத்தியானம் போய்ச் சாயங்காலம் வந்தது. நமக்குப் பழக்கம் அதுதானே அண்ணாச்சி, நில் என்றால் அடுத்த உத்தரவு வரைக்கும் நிற்கிறது. குளிக்க வந்த அம்மாள் ஒருத்தி ஜன்னல் வழியாகப் பார்த்துப் பயந்துபோய் ஆள் அனுப்ப, போலீஸ்காரர் வந்து சந்தேகக் கேஸில் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

கேள்விப்பட்டு ஸ்டேஷனுக்கு ஓடினேன். "அந்த வாசல்ல அம்புட்டு நேரம் உனக்கு என்னலே சோலி?" என்று ஏட்டையா கேட்டுக்கொண்டிருந்தார்.

"நிக்கச் சொன்னாவ. நின்னேன்."

ஏட்டையா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கே அது புதுசு.

"தங்க எடம் இல்லாதவன நான் எப்பிடி விட?"

"எங்கூட இருப்பான் ஏட்டையா."

"நீரு யாருவே?"

"இவன் தின்ன தட்டுல இவனுக்கு முந்தித் தின்னவன்."

ஏட்டையா நோட்டில் என் பேரையும் எழுதிக்கொண்டார். "சரி, கூட்டிட்டுப் போ. தெனமும் வந்து மூஞ்சியக் காட்டணும். ரெண்டு பேரும்." நான் மரியாதையை இழந்ததைக் கவனித்தீர்களா அண்ணாச்சி? ஒரே பதிலில் 'நீர்' போய்விட்டது.

ஓட்டலுக்குப் பின்னால் விறகுக் கொட்டகையில்தான் இருக்கிறோம். முதலாளி முணுமுணுக்கிறார், மாரியப்பன் விறகு பிளக்கிற வேகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொள்கிறார்.

வீடு கொடுக்க என்னால் ஆகாது. ஆனால் ஒரு வாக்குத் தருகிறேன். உங்களைத் தேடி வருகிற எவனும் இனிமேல் அந்த வாசலில் நிற்கமாட்டான். தினமும் இலஞ்சிக்கு ஒரு நடை போய்ப் பார்ப்பேன். எவனாவது நின்றால் கொட்டகைக்குக் கூட்டிவந்துவிடுவேன்.

இன்றைக்கு விடிந்ததும் மாரியப்பன் ஜெயில் வழக்கப்படி பாயையும் போர்வையையும் இறுக்கிச் சுருட்டிக் கட்டி மூலையில் வைத்தான். என் மூக்குக்கண்ணாடி அந்தப் பாய்க்குள் இருந்தது. ஒரு பக்கம்தான் உடைந்திருக்கிறது. இதை ஒரு கண்ணை மூடிக்கொண்டு எழுதுகிறேன்.

உங்கள் தம்பிகளில் ஒருவன்,
சண்முகம்